நனைந்த படுதா

சிவகாசியில் நாற்பதாண்டுகள் அச்சகம் நடத்தியவன் நான். தாளை விரலால் தடவியே தரம் சொல்வேன். கனமே தரம் என்பது என் துணிபு. தம்பி சிறியதொரு பாய்மரப் படகு வாங்கியபோது, பாய்க்குரிய துணியையும் நானே தேர்ந்தேன்.

“அண்ணே, சின்னப் படகுக்கு மெல்லிசுத் துணிதான் கட்டணுமாம்,” என்றான்.

“பட்டமா விடப்போறே? இதைக் கட்டுலே,” என்று, பட்டாசு லாரிகளை மூடும் பருத்திப் படுதாவையே தைக்கச் செய்தேன்.

ஆமத்தூர்க் கண்மாயில், வீசிய முதற்காற்றிலேயே படகு கவிழ்ந்தது. நீரைக் குடித்துக் கனத்த படுதா தம்பியை மூடிற்று. அதனடியில் அவன் கை முட்டி முட்டி எழும்பியதையும், பின்பு அசைவற்றுப் போனதையும் கரையில் நின்று கண்டேன்.

அங்கே குளித்துக்கொண்டிருந்த லோடு ஏற்றும் தொழிலாளி ஒருவர் நீந்திச் சென்று, படுதாவைப் புரட்டித் தம்பியை இழுத்து வந்தார். அவன் இருமி மூச்சுவிட்ட பின்னரே என்னை நோக்கினார்.

“ஏய்யா, நனைஞ்சா இதை நாங்க நாலு பேரு சேந்து தூக்குவோம். இதையா படகுல கட்டுனீக?”

தம்பி இன்றளவும் என்னைக் கடிந்ததில்லை. ஆயினும், தடித்த தாளைத் தொடும்போதெல்லாம் அதன் மறுபுறத்திலிருந்து ஒரு கை முட்டுவதாகவே என் விரல்கள் உணர்கின்றன.