மூன்று மாத விருந்தாளி

வீரன் அண்ணன் செய்த காரியத்துக்கு அவரைத் திட்டுவதா, கட்டிக்கொண்டு அழுவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில் காலமெல்லாம் எண்ணெய்ச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிய மனுஷன். மனைவி போன பிறகு தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் தனியாகச் சமைத்து, தனியாகத் தின்று, டிவியோடு பேசிக்கொண்டிருந்தார். ஒரே மகள் பிரேமலா, கடல் தாண்டிய சரவாக் மாநிலத்தில் மிரி ஊர்க்காரரைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருக்கிறாள். என்னோடு வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டாள்.

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. ஓய்வு பெற்ற பிறகும் நிர்வாகம் இரக்கப்பட்டு விட்டுவைத்திருந்த வீட்டின் சாவியைத் தோட்ட ஆபீஸ் கிராணியிடம் கொடுத்தார். வீட்டில் வைத்துக் கும்பிட்ட முனீஸ்வரர் சூலத்தைத் தோட்டத்துக் கோயிலில் சேர்த்தார். ஊரைவிட்டே போகிறவர்கள்தான் அப்படிச் செய்வார்கள். மகளிடம் மட்டும் இதைப்பற்றி மூச்சுவிடவில்லை. தெரிந்தால் பாரமென்று நினைப்பாளாம்!

மிரி விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, மூன்று மாதம் தங்கச் சீட்டுக் கொடுத்தார். ஒரே நாடு, ஒரே கொடி, இது எதற்கு என்று அண்ணன் கேட்டிருக்கிறார். மலேசியா உருவானபோது போட்ட ஒப்பந்தம் ஐயா, வெளியிலிருந்து வந்து யார் தங்கலாம் என்பதைச் சரவாக்தான் முடிவு செய்யும் என்று அவர் தன்மையாகவே விளக்கினாராம். அப்பாவைக் கூடவே வைத்துக்கொள்ள பிரேமலா அனுமதி கேட்டு அலைந்தாள். கிடைக்கவில்லை.

மூன்று மாதம் முடிந்து திரும்பி வந்தவரை விமான நிலையத்திலிருந்து அழைத்துவர நான்தான் காரில் போனேன். யாரைக் கேட்டுச் சாவியைக் கொடுத்தீர்கள் என்று வழியெல்லாம் கத்தினேன். ஜெராம் ஊரைத் தாண்டியபோதுதான் அவர் சொன்னார்:

"அவங்க மண்ணு, அவங்க பேசி வச்சிக்கிட்டாங்க. ஞாயந்தான்லா. என் மககூட இருக்க நான் யாருகூட ஒப்பந்தம் போடுறது?"

என் வீட்டுக்கு வாருங்கள் என்றேன். முதலில் லயத்தைப் பார்க்கவேண்டும் என்றார்.

அவர் வீட்டுக் கதவைத் திறந்தவன் வங்காளதேசத்து இளைஞன். பெர்மிட்டில் தோட்ட வேலைக்கு வந்தவன். யாரைத் தேடுகிறீர்கள் பாக்சிக் என்று மலாயில் முறை வைத்து மரியாதையாகத்தான் கேட்டான். அண்ணன் பதில் சொல்வதற்குள் கைப்பேசி அடித்தது. அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"அப்பா, வீடு போய்ச் சேந்துட்டீங்களா?"

"சேந்துட்டேம்மா. வாசல்லதான் நிக்கிறேன்."