மாமா துண்டு போட்ட இருக்கை

பச்சைக் கட்டம் போட்ட பருத்தித் துண்டு ஒன்று என் பக்கத்து இருக்கையில் கிடக்கிறது. வளைகுடா நாட்டு விமான நிலையம் ஒன்றில் உட்கார்ந்திருக்கிறேன். திருச்சியில் ஏறியவர்கள் இறங்கி அடுத்த விமானத்துக்கு மாறும் இடம் இது. துண்டுக்குச் சொந்தக்காரர் என் அக்காவின் கணவர், எனக்கு மாமா. முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று போயிருக்கிறார். ஐந்து வருடங்களுக்கு முன்னால் இதே துண்டு இதே கட்டடத்தில் கிடந்த நாளைப் பற்றி மாமா கல்யாண வீடுகளில் பல தடவை சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறார். ஆனால் அவர் சொல்லும் கதையில் ஓர் இடம் எப்போதும் விடுபட்டுப்போகும். அந்த இடம் எனக்கு மட்டும் தெரியும். அவருக்கும் தெரியும்.

எங்களுக்கு ஊர் திருமானூர்ப் பக்கம். மாமா ஆலத்தியூர் அருகே சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பொக்லைன் ஓட்டிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் இடம் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி திரும்பும்போதே கூட ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டை வீசுவார். அது கையால் விரித்துப் போட்டது மாதிரி மூன்று பேர் சீட்டில் போய் விழும். அப்புறம் நிதானமாக டீ குடித்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுவார். துண்டு கிடக்கும் சீட்டில் யாரும் உட்காரக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். தப்பித்தவறி யாராவது உட்கார்ந்துவிட்டால், "ஏங்க, கண்ணுல துண்டு படலியா?" என்பார் மாமா. சுற்றி நிற்கிறவர்களும் அவருக்காகவே பேசுவார்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகத் தாண்டியவன் நான்தான். அப்பா இன்றைக்கும் கைநாட்டு. நான் இன்ஜினியரிங் முடித்து, வளைகுடாவில் ஒரு கட்டுமான கம்பெனியில் ஆபீஸ் வேலை கிடைத்தபோது, அதே கம்பெனியில் மாமாவுக்கும் மெஷின் ஓட்டும் வேலை அமைந்தது. ஆனால் மருத்துவச் சோதனை அவரை இழுத்தடித்தது. சுரங்கத்துத் தூசியில் பத்து வருடம் உழைத்த நெஞ்சு. எக்ஸ்ரே படத்தில் ஏதோ நிழல் தெரிகிறது என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் தடவை தேறியபோது விசாவில் நாள் மிச்சமில்லை. நாங்கள் கிளம்பிய தேதிதான் அதற்குக் கடைசித் தேதி. அன்றைக்குப் போய் இறங்காவிட்டால் வேலை போய்விடும். திருச்சி விமான நிலைய வாசலில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது: "அவருக்கு ஒண்ணும் தெரியாதுடா. ஒன்ன நம்பித்தான் வுடறேன். கூடவே இரு."

கூடவே இருக்கவில்லை. அதை மழுப்பாமல் எழுதிவிடுகிறேன். இந்தக் கட்டடத்துக்குள் காலை பத்து மணி வாக்கில் வந்தோம். கண்ணாடி மாதிரித் தரை, எந்தப் பக்கம் திரும்பினாலும் கோட்டு போட்டவர்கள், தள்ளுவண்டிப் பெட்டிகள், ஓயாத அறிவிப்புகள். மாமா தோளில் துண்டோடு, "மாப்ள, இங்க பாருடா, ரோடு தானா நடக்குது!" என்று நகரும் நடைபாதையைப் பார்த்துக் கத்தினார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. புதுச் சட்டையும் இங்கிலீஷுமாக நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்று காட்டிக்கொள்ளும் ஆசையில் இருந்தவன் நான். எங்கள் விமானத்துக்கான வாயிலுக்கு வந்ததும், போனுக்கு சார்ஜ் போட்டுக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, தூரத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மாமா தனக்குத் தெரிந்ததைச் செய்தார். பையை ஓர் இருக்கையில் வைத்தார். எனக்காகப் பக்கத்து இருக்கையில் துண்டை விரித்தார். வெகுநேரமாகியும் நான் வராததால் என்னைத் தேடிக் கிளம்பிவிட்டார். அவருடைய லைசென்ஸ், விசா, மருத்துவச் சான்று எல்லாம் அந்தப் பைக்குள் இருந்தன.

விமானத்துக்குக் கூப்பிட்டார்கள். அவரும் வந்து நிற்பார் என்று நினைத்து நான் வரிசையில் போய் நின்றேன். திரும்பிப் பார்த்தால், ஆளில்லாத பையைச் சுற்றி நாடா கட்டி, காவலர்கள் ஜனங்களை அப்பால் போகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாமா எங்கிருந்தோ ஓடிவந்து நாடாவுக்குள் நுழைந்தார். இரண்டு பேர் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். "எம் பைதான் சார்! துண்டு போட்டுட்டுத்தான சார் போனேன்! துண்டு, துண்டு!" என்று இருக்கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார். அவர்களுக்கு அது என்ன விளங்கும்? கூட வந்தது யார் என்று சைகையில் கேட்டார்கள். மாமா வரிசையைக் கண்ணால் துழாவி என்னைப் பார்த்துவிட்டார்.

அதே நேரத்தில் வாயிலில் சீட்டுப் பார்க்கும் பெண் என்னிடம் கேட்டாள், அவர் உங்களோடு வந்தவரா என்று. என் கையிலிருந்த கம்பெனியின் நீல நிற ஃபைல் போலவே ஒன்று அவர் பையிலிருந்தும் நீட்டிக்கொண்டிருந்தது. இல்லை என்று சொன்னேன். வாயால் சொன்னதோடு தலையையும் ஆட்டினேன். இங்கிலீஷ் தெரியாதவருக்கும் தலையாட்டுவது புரியும். மாமா என்னை விட்டுக் கண்ணை எடுத்தார். காவலரிடம் ஒற்றை விரலைக் காட்டி, "சிங்கிள் சார், சிங்கிள்" என்றார். பஸ்ஸில் கண்டக்டரிடம் ஒரு டிக்கெட் கேட்கிற குரல் அது.

நான் உள்ளே போனேன். விமானத்துக்குப் போகும் அந்தச் சரிவான பாதையில் பாதி தூரம் நடந்தேன். அதற்கு மேல் கால் நகரவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் கால் நன்றாகத்தான் நகர்ந்தது. அக்காவிடம் என்ன சொல்வது என்ற பயம்தான் முதலில் என்னை நிறுத்தியது. அந்த ஒற்றை விரல் நினைவுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். எதிரே வந்தவர்களை இடித்துக்கொண்டு திரும்பி ஓடினேன். வெளியே போனால் மறுபடி உள்ளே விட முடியுமோ என்னவோ என்றாள் அந்தப் பெண். அவர் என் அக்கா கணவர், முதலில் பொய் சொல்லிவிட்டேன் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வழிவிட்டாள்.

பக்கத்தில் போனதும் மாமா அடிக்குரலில் சீறினார்: "நீ ஏன்டா எறங்கி வந்த? போடா, வண்டி போயிரும்." நான் போகவில்லை. பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள்: கைலி, அக்கா சுட்ட முறுக்கு, ஃபைல், நெஞ்சுப் படம். எங்கள் ஊரில் துண்டு போட்டால் அந்த இடம் அவருடையது என்று அர்த்தம், அந்த நம்பிக்கையில்தான் விட்டுப் போனார் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன். வயதான காவலர் ஒருவர் துண்டை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு மாமாவின் தோளிலேயே போட்டார். கதவு சாத்தப்போகும் நேரத்தில் கடைசி ஆட்களாக ஏறினோம்.

விமானத்துக்குள் இருக்கை எண்ணைக் காட்டியதும் மாமா கேட்டார்: "ஏன்டா, மாறி ஏறுற வண்டிக்கும் ஒவ்வொருத்தனுக்கும் சீட்டு நம்பர் போட்டுக் குடுத்துருக்கானுவளே. அத மொதல்லயே சொல்லியிருந்தா நான் எதுக்குடா எடம் புடிக்கப் போறேன்?" சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "முறுக்கு திங்கறியா?" என்று பொட்டலத்தை நீட்டினார்.

அன்று மாலையே போய் இறங்கினோம். வேலை நிலைத்தது. ஊருக்குப் போகும்போதெல்லாம் மாமா இந்தக் கதையைச் சொல்வார். நாடாவும் காவலர்களும் நெஞ்சுப் படமும் வரும். "எம் மாப்ள பாத்தான், ஏறுன வண்டிய வுட்டு எறங்கி ஓடியாந்துட்டான்" என்று முடிப்பார். அக்கா என்னைப் பெருமையாகப் பார்ப்பாள். நான் சாப்பாட்டு இலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தலையாட்டியதைப் பற்றி நாங்கள் தனியாக இருக்கும்போதுகூட அவர் என்னிடம் பேசியதில்லை.

இப்போது விடுமுறை முடிந்து இருவரும் திரும்பிக்கொண்டிருக்கிறோம். மாமாவுக்கு இன்று வாயில் எண்ணெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும். துண்டு மட்டும் மாறவில்லை. "பைய வுட்டுட்டு எங்கியும் போயிறாத மாப்ள, புடிச்சுட்டுப் போயிருவான்" என்று சிரித்துவிட்டுத்தான் போனார். பையை மடியில் வைத்திருக்கிறேன்.

கூட்டம் அதிகமாகிவிட்டது. கோட்டு போட்ட ஒருவர் துண்டைப் பார்த்தபடி வந்து நின்று, இங்கே யாராவது இருக்கிறார்களா என்று இங்கிலீஷில் கேட்டார்.

"ஆமாம்," என்றேன். "என் மாமா. நாங்கள் ஒன்றாக வந்தவர்கள்."

ஒன்றாக வந்தவர்களா என்று அவர் கேட்கவே இல்லை.