இத்தாவில் பெருத்த வயிறு

சண்டை முடிந்து கடல் திறந்துவிட்டது என்று கற்பிட்டியே சந்தோஷப்பட்ட காலம். மீனுக்குப் போன என் கணவர் மய்யித்தாகக் கரைக்கு வந்தார். அன்றிலிருந்து எனக்கு இத்தா. கணவனை இழந்தவள் குறித்த காலம் வீட்டோடு இருக்க வேண்டும். வயிற்றில் பிள்ளை இருந்தால் பெறும்வரை அது நீளும். அந்தப் பிள்ளைக்காகத்தான் மாமி காத்திருந்தார். அவருக்கு இருந்தது ஒரே மகன்.

மாதவிடாய் நின்றது. வயிறு பெருத்து, ஊதா வரிகள் ஓடின. முகம் உருண்டு சிவந்தது. மேலுதட்டில் மயிர் அரும்பியதும் மாமி துள்ளாத குறை.

“ஆம்புளப் புள்ளதான். என்ட மகனே திரும்பி வாறான்.”

“மாமி, கால்ல சத்தே இல்ல. குந்தினா எழும்ப ஏலாம இரிக்கி. டொக்டர்ட்டப் போவமே.”

“இத்தாவுல இரிக்கிற பொம்புள ஊர் சுத்தப் போறதா? வயித்துல புள்ள இரிந்தா அப்பிடித்தான்.”

மருந்துக்குப் போக மார்க்கம் தடுக்கவில்லை. அது மாமிக்கும் தெரியும். சோதிக்க வந்த மருத்துவமாதுவையும் வாசலோடு அனுப்பினார். இல்லையென்று வந்துவிடுமோ என்ற பயம். நானும் பாவி, நம்பினேன். வயிற்றைத் தடவித் தடவிக் கதைத்தேன்.

கிணற்றடியில் விழுந்து மணிக்கட்டு முறிந்தபிறகுதான் ஆஸ்பத்திரியைக் கண்டேன். கையைப் பார்க்க வந்த டொக்டர் என் முகத்தையே பார்த்தார். சோதித்தார்கள், கர்ப்பப்பையில் ஒன்றுமில்லை. கொழும்புக்கு அனுப்பினார்கள். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அதிரினல் சுரப்பியில் கட்டியாம். அது கோட்டிசோல் என்ற ஓமோனை அளவில்லாமல் சுரந்து, முகத்திலும் வயிற்றிலும் கொழுப்பை ஏற்றி, எலும்பை அரித்திருந்தது. கட்டியை வெட்டி எடுத்தார்கள். மற்றப் பக்கத்துச் சுரப்பி வேலையில்லாமல் தூங்கிப் போயிருந்தது. அது விழிக்கும்வரை குளிசை போட வேண்டும், நானாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்றார்கள்.

மாதங்கள் போக வயிறு வற்றியது. செத்துப் பிழைத்தவளைப் பார்க்க ஊர்ப் பெண்கள் வருகிறார்கள் என்று நினைத்தேன், மடைச்சி. எல்லோருடைய கண்ணும் என் வயிற்றில்தான். ஸ்கேன் படத்தை மாமியிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“இன்னொரு கலியாணம் முடிக்க இவக்கு ஆச. அதான் என்ட மகன்ட புள்ளயக் கொழும்புல கலச்சிட்டு வந்திரிக்கா” என்று வந்தவர்களிடம் சொன்னார்.

அல்லாஹ்வே, அத்தனை பேரில் ஒருத்தியாவது இல்லையென்று சொல்லவில்லை.