தோளுக்கு மேலே

இரண்டு வருஷம் வாரத்தில் ஒரு நாள் ஜீப்பில் மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுக்கு ஏறினேன். எலும்பு முறிந்தவர்களுக்கும் பக்கவாதம் வந்தவர்களுக்கும் கை கால் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். கடைசி ஆறு மாதம், ஒரு சோதனைத் திட்டத்துக்காகக் கொடுத்த பெட்டியும் மடியில் சேர்ந்துகொண்டது. அதற்குள் இரண்டு வி.ஆர். கண்ணாடிகள். காலையில் பள்ளிப் பிள்ளைகள் அதை மாட்டிக்கொண்டு கோள்களைப் பார்ப்பார்கள். நடுப்பகலில் செவிலியர்கள் சிக்கலான பிரசவத்தைப் பழகுவார்கள். அதன்பிறகுதான் என் நோயாளிகள். துடைப்பது, சார்ஜ் பார்ப்பது, மாட்டுவது, கழற்றுவது, மறுபடி துடைப்பது. மூன்று மணிக்கெல்லாம் பேசவே தெம்பிருக்காது.

என்னிடம் நான்கு மாதமாக வந்துகொண்டிருந்தவர் ஒருவர். புளி உலுக்க மரம் ஏறியபோது கிளை முறிந்து விழுந்து, வலது தோள் உடைந்தவர். எலும்பு கூடிவிட்டது. ஆனாலும் கையை மார்போடு அணைத்தே வைத்திருந்தார். தூக்கச் சொன்னால் முகம் சுருங்கும். நானும் அட்டையில் 'வலி' என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவேன்.

"இன்னா மேடம், குதிரை கண்ணுக்குக் கட்ற மாதிரி கீது," என்றார் கண்ணாடியைப் பார்த்து.

நாற்காலியில் உட்காரவைத்து மாட்டிவிட்டேன். உள்ளே ஒரு குளம், மேலே மிதக்கும் குமிழிகள். கையை நீட்டினால் உள்ளேயும் ஒரு கை தெரியும்; அது தொட்டால் குமிழி உடையும். இடக்கையால் தொட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளும்படி கூட வந்திருந்த அவர் மனைவியிடம் சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்தேன். தூங்கிப்போனேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"மேடம்," என்று அந்தம்மா மெல்லக் கூப்பிட்டார். விழித்துப் பார்த்தால், அவர் கணவரின் வலக்கை காதைத் தாண்டி மேலே நின்றது.

கழற்றியதும் சொன்னோம். அவர் நம்பவில்லை.

"அது உள்ள இருந்த கை. என்து இல்ல."

"உன் கைதான்யா. நான் பாத்துக்கினுதான இருந்தேன்."

"சும்மா இரு."

கண்ணாடி இல்லாமல் தூக்கச் சொன்னேன். பாதியில் நின்றது.

"வலிக்குதுங்களா?"

"வலி ஒண்ணும் இல்லிங்க. மேல தூக்கினா வுழுந்துடுவேன்னு கீது."

நான்கு மாதத்தில் நான் இதைக் கேட்டதே இல்லை. வெட்கமாக இருந்தது. அதை முழுசாக உணரக்கூட அன்று உடம்பில் சக்தி இல்லை.

அடுத்த வாரத்திலிருந்து அவரைத் தரையில், சுவரோடு முதுகு ஒட்ட உட்காரவைத்தேன். மனைவி இடது தோளை அழுத்திப் பிடித்துக்கொள்வார். ஒரு தடவை கண்ணாடியோடு, ஒரு தடவை இல்லாமல். சில வாரம் நகரவே இல்லை. பிறகு ஒரு நாள் அவர் தானாகவே எழுந்து நின்று, சுவரில் நெற்றி உயரத்துக்குக் கையை வைத்தார்.

திட்டம் முடிந்து கண்ணாடிகளைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். அவர் மரம் ஏறுவதை விட்டுவிட்டார். சாமை வயல் வேலை மட்டும் பார்ப்பதாகக் கேள்விப்பட்டேன். நான் கீழே மருத்துவமனைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏன் என்று கேட்டார்கள். இடுப்பு வலி என்று எழுதிக் கொடுத்தேன்.