ஓலை சுற்றிய முடிச்சு

என் மகள் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். ஒரு புரோகிராம் வரிசையாகப் பல கட்டங்களைத் தாண்டித்தான் உருவாகுமாம். கடைசிக் கட்டத்துக்கான உத்தரவையும் முதல் கட்டத்திடமே உறை போட்டுக் கொடுத்துவிட வேண்டும். இடையில் இருப்பது அதைப் பிரிக்காமல் அப்படியே கடத்த வேண்டும். "பிரிச்சுட்டா?" என்று கேட்டேன். "தப்புன்னு சொல்லி நின்னுரும், அம்புட்டுதான்" என்று சிரித்தாள். எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது.

அறுபதுகளில், கல்யாணத்துக்கு முன்பு, சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்துத் தூள் சலித்தேன். சலித்தது தட்டில் அடுத்த அறைக்குப் போகும். அங்கே அம்மா அதைக் குழாயில் போட்டு மரக்கட்டையால் தட்டி அடைப்பாள். அதற்கடுத்தது திரி அறை. ஒன்று வெடித்தால் மற்றது தப்பட்டும் என்று அறைகளை எட்ட எட்டக் கட்டியிருந்தார்கள். போய்ப் பேச அனுமதி கிடையாது. ஆபீஸ் உத்தரவு தட்டின் கயிற்றில் முடிச்சாக வரும். இரட்டை முடிச்சு என்றால் இறுக்க வேண்டும். ஓலை சுற்றாத முடிச்சு அம்மாவுக்கு. ஓலை சுற்றிய முடிச்சு திரி அறைக்கு. இடையில் யாரும் பிரிக்கக் கூடாது. திரியை இறுக்கிக் கட்டலாம். வாணத்து மருந்தையும் இறுக்கி அடைக்கலாம். குண்டு வெடி மருந்தை இறுக்கினால் ஆள் மிஞ்சாது. இரண்டு மருந்தும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். அம்மா முடிச்சைத்தான் நம்புவாள்.

தீபாவளி சீசன். அன்று எங்கள் அறைக்குப் புதிதாக ஒருவரைப் பொறுப்பாகப் போட்டிருந்தார்கள். நல்ல மனிதர்தான், அந்த நல்ல மனசு நாசமாய்ப் போக. குண்டு மருந்துத் தட்டு கிளம்பிப் போன பிறகு அதன் இரட்டை முடிச்சில் சுற்றியிருந்த ஓலை மூலையில் கிடப்பதைப் பார்த்தேன்.

"காஞ்ச ஓலை மருந்துகிட்ட எதுக்கும்மா? நாந்தான் உருவிப் போட்டேன்" என்றார்.

கம்பெனிக்குள் ஓடக் கூடாது. சிந்திக் கிடக்கும் மருந்து கால் உரசினாலே பற்றும். கத்தவும் பயம், திடுக்கிட்டு அவள் கை தவறினால்? நடந்தேன். அம்மாவின் மரக்கட்டைச் சத்தம் கேட்டது. வழக்கமான சத்தமில்லை, அழுத்தி அழுத்தி இறங்கியது. பாதி வழியில் அது நின்றது. நானும் நின்றுவிட்டேன். போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. வாசலுக்குப் போனால், அம்மா கட்டையைக் கீழே வைத்துவிட்டு மணிக்கட்டை நீவிக்கொண்டிருந்தாள்.

"கட்டைய எடுக்காத யம்மா. அந்த முடிச்சு திரி அறைக்கு வந்தது. இது குண்டு மருந்து."

இறுக்கி அடைத்த குழாய்கள் அவள் முன்னால் வரிசையாக நின்றன. இருவரும் ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினோம். கடைசிக் குழாயும் முங்கிய பிறகுதான் அவளிடம் கேட்டேன்.

"எப்படி யம்மா நிறுத்துன? தெரிஞ்சுதா?"

"தெரியலையே தாயி. கை வலிச்சுச்சு. செத்த நேரம் கழிச்சு அடிப்பமேன்னு வச்சேன்."