கடைசிப் பக்கத்தில் தொடங்கிய போர்

வேலூர் புத்தகக் கடையில் அன்று நானும் அப்பாவும் கடைக்காரரும் இருந்தோம். புத்தகத்துக்குக் காசு கொடுத்த அம்மா இல்லை. ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஷிப்ட். எதிர்வீட்டு நண்பனும் இல்லை. உருதுப் பள்ளியில் படித்தவன் அவன். கூட வந்திருந்தால், புத்தகத்தை வலப்பக்கமிருந்தும் திறக்கலாம் என்று பஸ் ஏறும் முன்பே சொல்லியிருப்பான்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. டிவியில் தமிழ் பேசிக்கொண்டு ஒரு ஜப்பான் கார்ட்டூன் வந்தது. பிள்ளைகள் ராட்சத எந்திரங்களுக்குள் உட்கார்ந்து வேற்றுக் கிரகத்துப் படையோடு மோதுவார்கள். நாயகனின் அண்ணன் எதிரிக் கப்பலில் மாட்டிக்கொண்ட அன்றோடு தொடரை நிறுத்திவிட்டார்கள். அதே கதை சினிமாவானதை பென்டிரைவில் பார்த்தோம். அதில் அண்ணன் செத்துப்போனான். செல்போன் விளையாட்டிலோ அவனே எதிரிகளின் தளபதி. எது நிஜம் என்று எனக்கும் நண்பனுக்கும் ஓயாத வாக்குவாதம். எல்லாவற்றுக்கும் மூலம் ஆங்கிலத்தில் கிடைக்கும் ஒரு படக்கதைப் புத்தகம் என்று தெரிந்ததும், அம்மாவிடம் அடம்பிடித்து வாங்கிவிட்டேன்.

திறந்தால், முதல் பக்கத்திலேயே போர் முடிந்து அண்ணன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். புரட்டப் புரட்டச் செத்தவர்கள் எழுந்து சண்டைக்குப் போனார்கள். பக்கங்களைத் தப்பாகக் கோத்துவிட்டார்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். கரண்ட் பில்லிலிருந்து பி.எஃப். சீட்டு வரை எங்கள் வீட்டில் நான் படித்துச் சொல்வதுதான் அர்த்தம். அப்பா தோல் பதனிடும் டேனரியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, புத்தகத்தை மாற்றி வாங்க என்னோடு வேலூருக்குக் கிளம்பினார்.

"இது ஜப்பான் கதைண்ணா. வலப்பக்கத்துலருந்துதான் படிக்கணும்," என்றார் கடைக்காரர். "இங்க பாருங்க, அம்புக்குறி போட்டு எழுதியே இருக்குது."

அப்பா புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். "இன்னாடா போட்டிருக்குது? படி."

நான் விளம்பரம் என்று தாண்டிப்போன பக்கம் அது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். இது கடைசிப் பக்கம், மறுபக்கத்திலிருந்து தொடங்கு என்று போட்டிருந்தது. புரிந்துவிட்டது. காது சுட்டது.

"வித்த புக்க திரும்ப வாங்க மாட்டாங்களாம்ப்பா," என்றேன்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். "தம்பி, அப்படியாப்பா போட்டிருக்குது?"

"எங்க வூட்டுல மொத மொத படிக்கிறவன் சார் இவன்," அப்பாவின் குரல் ஏறியது. "இவன் பொய் சொல்லுவானா? படிக்காதவன்னா இன்னா வேணா சொல்லலாமா?"

கூட்டம் சேர்ந்தது. கடைக்காரர் என்னையே பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "உங்க பையனையே கேளுங்கண்ணா," என்று மட்டும் சொன்னார். அப்பா என்னை ஒன்றும் கேட்கவில்லை. புத்தகத்தை மேசைமேல் போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். ஆம்பூர் பஸ்ஸில் ஏறினோம்.

சாயங்காலம் அம்மா வந்து கேட்டாள். "மாத்திக் குடுத்தானா?"

"துட்டே குடுத்துட்டான்," என்று அப்பா டேனரி மேஸ்திரியிடம் கைமாற்றாக வாங்கிய நோட்டுகளை நீட்டினார். மாட்டிக்கொள்ளாமல் தப்பித்தேன் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர் என்னை நம்பி அப்படிச் சொன்னாரா, கடையிலேயே என் பொய்யைத் தெரிந்துகொண்டு சொன்னாரா என்று யோசிக்கிற வயசில்லை.

புத்தகம் முந்நூற்றைம்பது, பஸ்ஸுக்கு எழுபது, அரை நாள் கூலி நூற்று இருபத்தைந்து. மொத்தம் ஐந்நூற்று நாற்பத்தைந்து ரூபாய்.