சிவப்பு முடிச்சு

மேலகரத்தில் குற்றாலம் போகும் பஸ் ரோட்டோரம் ஒரு தையல் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது, தேவையும் இல்லை. சாரல் தொடங்கிவிட்டால், அருவிப் பாறையில் வழுக்கி கால்சட்டை கிழிந்தவர்கள் இடுப்பில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு தாங்களாகவே விசாரித்து வந்து சேர்வார்கள். குழல்வாய்மொழி தலைநிமிராமல் கையை மட்டும் நீட்டுவாள்.

"கழத்திக் குடுத்துட்டு அந்த மறைப்புக்குப் பின்னால நில்லுங்க. நான் பாக்க மாட்டேன், எனக்கு நேரமில்ல."

ஐந்தே நிமிடம். கால்சட்டை தைத்தாயிற்று, அடுத்த ஆள். நாற்பத்தாறு வயதுக்காரி. மெஷின் ஓடும் வேகத்துக்கு வாயும் ஓடும். இரண்டில் எது முன்னால் போகிறது என்று அவள் புருஷன் வேல்சாமியாலேயே இன்றுவரை சொல்ல முடியவில்லை. அவன் ஆட்டோ ஓட்டுகிறான், பேச்சு குறைவு.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைத் தைத்தாலும் உள்பக்கம், யார் கண்ணிலும் படாத இடத்தில், சிவப்பு நூலால் ஒரு முடிச்சு போட்டுத்தான் கொடுப்பாள். வெள்ளைச் சட்டையானாலும் சரி, பள்ளிக்கூடச் சீருடையானாலும் சரி. காரணம் மூக்கம்மாள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் கக்கத்தில் பிரிந்த ஒரு ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதான் நீ தச்ச லட்சணமா?" என்று நடுரோட்டில் நின்று சத்தம் போட்டாள் அந்த அம்மாள். பாதி மேலகரம் கூடி வேடிக்கை பார்த்தது. கடைசியில் பார்த்தால் அது தென்காசியில் வாங்கிய ரெடிமேட் ஜாக்கெட்! அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் போட ஆரம்பித்த முடிச்சுதான். இனி எவளும் ஊரான் தையலைக் கொண்டுவந்து அவள் தலையில் கட்ட முடியாது.

போன வருஷம் ஆனி மாதம் ஷாரோன் வந்தாள். தென்காசிப் பெண், தூத்துக்குடியில் தங்கிப் பவளப்பாறைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். கையில் ஒரு சுருள் வலைத்துணி. மாவு சலிக்கிற சல்லடைகூட அதன் பக்கத்தில் வைத்தால் ஓட்டையாகத் தெரியும், அத்தனை பொடிக் கண்.

"அக்கா, இதக் கூம்பு மாதிரி தைக்கணும். வாய் அகலம், அடி குறுகல். வெளியில சொன்னா வலை வர ஆறு மாசம் ஆகுமாம். அதுக்குள்ள சீசன் முடிஞ்சிரும்."

"மீன் புடிக்கவா?"

"மீன் இல்லக்கா, பிளாஸ்டிக் பொடி. கண்ணுக்கே தெரியாத துணுக்கு, இழை. இங்கன குளிக்கவங்க போடுத ஷாம்பு சாஷே, நைலான் நார், துணியிலேருந்து உதிருத இழை எல்லாம் சிற்றாத்துல போகுதுல்லா? சிற்றாறு தாமிரவருணில சேருது, தாமிரவருணி கடல்ல சேருது. அங்கனதான் என் பவளம் இருக்கு."

"பவளம்னா கல்லுல்லா?"

ஷாரோன் போனை எடுத்து ஒரு படம் ஓட்டிக் காட்டினாள். கல் என்று நினைத்தது முழுக்கப் பொட்டுப் பொட்டாகக் குட்டி வாய்கள். சுற்றிலும் விரல் போன்ற கைகள் அசைந்துகொண்டிருந்தன. ஒரு மெல்லிய இழை மிதந்து வந்தது. ஒரு வாய் அதை எட்டிப் பிடித்து ஆசையாக உள்ளே இழுத்துக்கொண்டது.

"சாப்பாடுன்னு நெனைச்சு முழுங்குதுக்கா. வயிறு நெறஞ்சிரும், சத்து கெடையாது. அப்புறம் சளியச் சுரந்து சுரந்து வெளிய தள்ளும். அதுலயே தெம்பெல்லாம் போயிரும். மேலு புண்ணாகும், வெளுத்துப் போகும்."

"எய்யா! பசிக்கு நூலத் தின்னுதே, பாவம்!" குழல்வாய்மொழிக்கு மனசு பொறுக்கவில்லை. சாயங்காலமானால் மெஷினுக்கு அடியில் கிடக்கும் நூல் துணுக்குகளைக் கூட்டி எதிர் வாய்க்காலில் தள்ளுவது அவள் வழக்கம். அன்றோடு அதை நிறுத்தினாள். துணுக்கெல்லாம் ஒரு பையில் சேர்ந்து, பை தலையணையாகி, தலையணை வேல்சாமியின் ஆட்டோ சீட்டுக்குப் போனது.

வலையை இரண்டே நாளில் தைத்தாள். துணியோடு வந்த நிறமில்லாத நூலைத் தவிர வேறு நூல் கூடாது என்று ஷாரோன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். குழல்வாய்மொழியும் அப்படியே செய்தாள். ஆனால் முடிச்சு இருக்கிறதே, அது அவளுக்குத் தையலில் சேர்த்தி இல்லை, கையெழுத்தில் சேர்த்தி. தன் கைவேலை கடலுக்குப் போகப்போகிற பெருமையில், அடிமடிப்பின் உள்ளே ஒன்றுக்கு ஏழாகப் போட்டுக் கொடுத்தாள்.

இந்த வருஷம் சாரலில் ஷாரோன் மறுபடி வந்தாள். அல்வா பொட்டலமும் கையுமாகத் துள்ளிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, கெடச்சிட்டு! சிற்றாத்துல எடுத்த தண்ணிலயும் ஒரே செவப்பு இழை, பவளத் தீவுப் பக்கம் எடுத்த தண்ணிலயும் அதே செவப்பு இழை. ரெண்டும் அச்சு அசல் ஒண்ணுபோல. குற்றாலத்துக் குப்பை பவளம் வரைக்கும் போகுதுன்னு இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? புதன்கிழமை எங்க பேராசிரியர் முன்னாடி சொல்லப்போறேன். உங்க வலையாலதான்க்கா!"

மைக்ராஸ்கோப்பில் எடுத்த படத்தை போனில் நீட்டினாள். நீட்டியவள் நெற்றியைச் சுருக்கினாள். "ஒண்ணுதான் புரியல. பவளத்து வயித்துக்குள்ள நீலம் கெடக்கு, பச்ச கெடக்கு. இந்தச் செவப்பு ஒண்ணுகூட இல்ல. பாத்துக்கலாம், பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அவள் போய்விட்டாள். குழல்வாய்மொழியின் மெஷின் நின்றது நின்றதுதான். முப்பது வருஷம் நூலோடு கிடக்கிற கண் அது. நூறு சிவப்பை ஒன்றாகக் குவித்தாலும் தன் கடைச் சிவப்பைத் தனியே எடுத்துவிடும். ஒரே வலை, ஆற்றிலும் அதுதான், கடலிலும் அதுதான். அல்வாப் பொட்டலத்தைப் பிரிக்காமலே ஓரமாக வைத்தாள்.

சாப்பிட வந்த வேல்சாமியிடம் ஒன்று விடாமல் சொன்னாள். அவன் கையைக் கழுவிக்கொண்டே, "நீ சொல்லாட்டி யாருக்குத் தெரியப் போகுது?" என்றான்.

"எனக்குத் தெரியும்லா!"

"சொன்னா அந்தப் பிள்ள ஒரு வருச வேல போச்சுன்னு அழும். ஒந் தையலையும் ஊரே ஏசும்."

"ஏசட்டும். ஊரான் தையல என் தலையில கட்டுனாளேன்னு முடிச்சுப் போட ஆரம்பிச்சவ நான். இப்ப என் நூல ஊருக் குப்பைன்னு கட்டிவிட்டுட்டுச் சும்மா இருக்கவா? ஆட்டோவ எடுங்க!"

தென்காசி பஸ் ஸ்டாண்டில் திருநெல்வேலி பஸ் புறப்பட உறுமிக்கொண்டிருந்தது. ஷாரோனை ஜன்னலோரத்தில் கண்டுபிடித்து, ஏறக்குறைய கையைப் பிடித்து இழுத்துக் கீழே இறக்கினாள். ஆட்டோவுக்குள் உட்கார்ந்து, ஷாரோனின் பையில் இருந்த வலையை எடுத்து, அடிமடிப்பைப் பிரித்துத் திருப்பிக் காட்டினாள். ஏழு முடிச்சும் தண்ணீர் அடித்து அடித்துப் பழைய பல் பிரஷ் மாதிரிச் சிலிர்த்து நின்றன.

"என் கோட்டித்தனம்ட்டி, புத்தி கெட்ட வேல. நீ வேற நூல் கூடாதுன்னு சொல்லியும் போட்டேன். நீ பாத்த செவப்பு ஆத்துலேருந்து வந்ததில்ல, எங்கிட்டயிருந்து வந்தது."

ஷாரோன் ஒரு முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். "புது வலையக் கழுவிப் பாத்தேனே, ஒண்ணுமே வரலயே," என்று மெல்ல முனகினாள். கண் நிறைந்துவிட்டது. வேல்சாமி ஆட்டோவை விட்டு இறங்கித் தூரமாய்ப் போய் நின்றுகொண்டான். குழல்வாய்மொழிக்கு நாலு ஏச்சு ஏசினால்கூடத் தேவலை என்றிருந்தது.

திடீரென்று ஷாரோன் நிமிர்ந்தாள். "அதான் பவளத்துக்குள்ள இல்ல! வலைக்குள்ள உதிந்தத பவளம் எப்படி முழுங்கும்? எக்கா, அதான் உள்ள ஒண்ணுகூட இல்ல! ஒரு மாசமா மண்டையப் போட்டு ஒடச்சிட்டிருந்தேன்!" அழுகையும் சிரிப்புமாக அவள் கத்தியதில் பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

"புதன்கிழமைக்குள்ள எல்லாத்தையும் மறுபடி எண்ணணும். எது உங்க செவப்பு, எது இல்லன்னு சொல்லத் தெரியுமா?"

"என் நூல எனக்கே தெரியாதா?"

கடையை மூன்று நாள் சாத்தினாள். அதுவும் சீசனில்! 'கிழிந்தவர்கள் புதன்கிழமை வரவும்' என்று வேல்சாமி அட்டையில் எழுதிக் கதவில் தொங்கவிட்டான். எண்ணும் வேலை தென்காசியில் ஷாரோன் வீட்டில், ஈரத்துணியால் நாலு தரம் துடைத்த ஓர் அறையில் நடந்தது. பாலியஸ்டர் புடவைக்கு அங்கே அனுமதி இல்லை, அதிலிருந்தும் பிளாஸ்டிக் இழை உதிருமாம். பெட்டியின் அடியில் கிடந்த பருத்திச் சேலையைக் கட்டிக்கொண்டு, தூத்துக்குடியிலிருந்து ஷாரோன் கொண்டுவந்த மூடிபோட்ட கண்ணாடித் தட்டுகளை மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாகப் பார்த்தாள் குழல்வாய்மொழி. பார்ப்பதோடு நின்றாளா, வாயும் சேர்ந்தல்லவா ஓடியது!

"இது நம்மது. பின்னல் அவுந்த முடி மாதிரி நெளிஞ்சிருக்கு பாரு. இதுவும் நம்மது. இது நீலம், நைட்டி நூலு. இது மயில் கழுத்துப் பச்ச, எவளோ பட்டுக்கரைப் பாவாடையோட அருவியில நின்னிருக்கா."

ஷாரோன் சிரித்துச் சிரித்து இரண்டு தரம் எண்ணிக்கையைத் தப்பவிட்டாள்.

சிவப்பில் பெரும்பாலானவை முடிச்சிலிருந்து உதிர்ந்தவைதான். ஆனால் மூன்றாம் நாள் மத்தியானம் குழல்வாய்மொழி திடீரென்று வாயை மூடிக்கொண்டாள். ஷாரோன் பயந்தே போனாள்.

"என்னாச்சுக்கா?"

"இது என் செவப்பில்ல. தட்டையா இருக்கு, இது நூலே இல்லட்டி. அருவிக்கரையில மேலு தேய்க்க நைலான் நாரு விக்காம்லா, அது மாதிரி இருக்கு."

அப்படிப் பதினொன்று கிடைத்தன. ஏழு ஆற்றுத் தண்ணீரில், நாலு பவளத் தீவுப் பக்கம். தூத்துக்குடியில், எது என்ன பொருள் என்று சொல்லும் மெஷினில் வைத்துப் பார்த்தபோது அந்தப் பதினொன்றும் நைலான் என்றே வந்தது. நூற்றுக்கணக்கில் இருந்தது பதினொன்றாகிவிட்டது. ஆனாலும் யார் கேட்டாலும் தலைநிமிர்ந்து சொல்லக்கூடிய பதினொன்று. புதன்கிழமை ஷாரோன் முடிச்சுக் கதையையும் மறைக்காமல் சொன்னாள். பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, ஆறும் கடலும் கலந்துவிடாமல் இனி தனித்தனி வலை வைத்துக்கொள்ளச் சொன்னார். தைப்பதற்கு அந்த அம்மாவைவிட நல்ல ஆள் கிடையாது என்றும் சொன்னாராம்.

குழல்வாய்மொழி இரண்டு வலை தைத்தாள். தைத்து முடித்ததும் பழக்கதோஷம், கை தானாகவே சிவப்பு நூல்கண்டுக்குப் போனது. போன கையை இழுத்துக்கொண்டாள். பத்தொன்பது வருஷத்தில் முடிச்சில்லாமல் அந்தக் கடையை விட்டு வெளியேறியவை அந்த இரண்டும்தான்.

அடுத்த வாரம் கடை நிறைய ஈரத்துண்டுக்காரர்கள் நிற்கும்போது போன் அடித்தது. புது வலைகளை இரண்டு நாள் முழுக்கச் சுத்தமான தண்ணீரில் போட்டு அலசிப் பார்த்திருக்கிறாள் ஷாரோன்.

"எக்கா, ஒண்ணுமே இல்ல! தட்டு முழுக்கத் தேடிட்டேன். உங்க இழை ஒண்ணுகூட இல்ல!"

குழல்வாய்மொழி போனைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். பின்பு, மறைப்புக்குப் பின்னால் கால்சட்டைக்காகக் காத்து நின்றவரையும் விடாமல், கடையில் இருந்த அத்தனை பேரிடமும் சொன்னாள்: "கேட்டியளா? நான் தச்சதுல என் அடையாளம் ஒண்ணுகூட இல்லையாம்!"